‘அனுப்பு’ பொத்தானும் சாமை லாரியும்

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி எனக்குத் தெரியும் என்பதை எங்கள் மலை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். காவலூர் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று மேலே, சாமை அரைக்கும் மில்லின் கொட்டகையில் அமர்ந்து என் முதுகலை ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் போன் சிக்னல் அறுபடாமல் கிடைப்பது அங்கே மட்டும்தான். கூப்பிடு தூரத்தில், கணக்கில்லாத தொலைவிலிருந்து புறப்பட்டு வரும் ஒளியைத் தவறவிடாத, வானாய்வகத்தின் தொலைநோக்கி இருக்கிறது. மலைக்குக் கீழே இருக்கும் ஆலங்காயத்திலிருந்து வரும் அழைப்பைப் பிடிப்பதுதான் கடினம்.

செயலாளர் என் விரல்களைச் சிறிது நேரம் கவனித்தார்.

“இன்னாம்மா, இவ்ளோ வேகமா தட்றியே. சங்கத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்.”

“நான் தமிழ் படிக்கிறேங்கண்ணா.”

“அதான். தமிழ்லதான் வேணும்.”

இந்தத் தர்க்கத்தின் பலத்தில் ஆய்வேட்டை ஓரமாக வைத்தேன்.

அவர் கேட்டது கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. சாமை வாங்கும் ஒரு நிறுவனம் மலைக்கே லாரி அனுப்பத் தயாராக இருந்தது. எந்தச் சரிவுக்கு அனுப்புவது என்பதை மட்டும் அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வீடும் இணையப் பக்கத்தைத் திறந்து, தன் ஊரின் பெயரைத் தொட்டு, எத்தனை மூட்டை என்று இட்டு, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு லாரிக்குப் போதுமான மூட்டைகள் பதிவானால் லாரி எங்கள் பக்கம் வரும். இல்லையென்றால் மறு சரிவுக்குப் போகும். அந்தந்த வீட்டுப் போனிலிருந்து வரும் பதிவை மட்டுமே நிறுவனம் ஏற்கும். வேறொரு மலையில் ஒரே ஆள் ஊருக்கெல்லாம் சேர்த்து மூட்டைகளைத் தாராளமாகக் கற்பனை செய்து எழுதிவிட, லாரி வெறுமனே திரும்பியதாம். கற்பனை வளம் உள்ளவர்கள்மேல் அந்த நிறுவனத்துக்கு இருந்த ஐயம் நியாயமானதே.

இந்த ஏற்பாட்டை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் ஊரில் சாமை அறுத்து அடித்ததும் கீழே ஆலங்காயத்து வியாபாரிக்குப் போய்விடும். இந்த ஆண்டு அப்படிப் போகவில்லை. சித்தி வீடு வீடாக ஏறி இறங்கி, “யாரும் கீழ எறக்காதீங்க. லாரி வூட்டாண்டயே வரும். நானு சொல்றேன்” என்று சொல்லியிருந்தார். பெண்களும் ‘நானு சொல்றேன்’ என்பதை ஏற்றுக்கொண்டு மூட்டைகளை வீட்டிலேயே அடுக்கினார்கள். படுக்கும் இடம் சுருங்கியது. வானம் கறுக்கத் தொடங்கியது. சாமை ஈரம் வாங்கினால் யாரும் தொடமாட்டார்கள். வியாபாரியோ, பெண்கள் தாமாக இறங்கி வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். லாரி வராவிட்டால் சாமை எப்படியாவது கீழே போய்ச் சேரும்; சித்தியின் பேச்சு மட்டும் அதன்பின் எந்த வீட்டு வாசலிலும் ஏறாது.

அந்தப் பேச்சு இப்போது என் லேப்டாப்பில் இருந்தது.

ஒரு மாத முயற்சியில் பக்கத்தை எழுதி முடித்தேன். இந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை ஒன்று உண்டு. விரல் திரையைத் தொட்டால் பிரவுசர் ‘இங்கே ஒரு நிகழ்வு நடந்தது’ என்று அறிவிக்கும். நாம் எழுதிய நிரல் அதைக் காதுகொடுத்துக் கேட்டு வேலை செய்யும். நடந்தது என்ன என்பதில்தான் பிரவுசர்களுக்குள் கருத்து வேறுபாடு. என் ஆய்வு பழைய உரைகளுக்கு இடையிலான வேறுபாடுகளைப் பற்றியது. ஒரே செய்யுளுக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் சொல்வது எனக்குப் பழக்கம். ஆனால் உரையாசிரியர் மாறுபட்டால் காரணம் சொல்வார், முன்னவரை மறுத்து நான்கு வரியாவது எழுதுவார். பிரவுசர் பேசாமல் இருந்துவிடும்.

லேப்டாப்பில் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு, வாணியம்பாடியிலிருந்து கல்லூரிக்கு வரும் என் வகுப்புத் தோழியிடம் சோதிக்கச் சொன்னேன். அவளிடம் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த போன் இருந்தது. மறுநாள் காலை அழைத்தாள்.

“அரே, உன் பேஜுக்கு உசிரே இல்லடி. ஊர் பேரைத் தொட்றேன், தொட்றேன், கம்முனு கீது.”

“சரியா தொட்டியா?”

“சரியா தொட்றதுன்னா இன்னா? தொழுவறதுக்கு முன்னாடி மாதிரி கை கால் கழுவி உளூ செஞ்சிட்டு வந்து தொடணுமா?”

குற்றம் தொடுகையில் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெயர்களைச் சாதாரணக் கட்டங்களாக வைத்திருந்தேன். கட்டத்துக்கு ஒரு காது வைக்காமல், பக்கத்தில் எங்கே தொட்டாலும் ஒரே இடத்தில் நின்று கேட்டுக்கொள்ளும்படி நிரலை எழுதியிருந்தேன். அவள் போனில் இருந்த பிரவுசரோ, கட்டம் என்பது பார்ப்பதற்குரிய பொருள், தொடுவதற்குரியதன்று என்ற கொள்கை உடையது. அதன் மனத்தை மாற்ற ஒரு வழி இணையத்தில் கிடைத்தது: மவுஸின் அம்பு இந்தக் கட்டத்தின்மேல் வந்தால் கை வடிவமாக மாற வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது. அந்தப் போனில் மவுஸ் கிடையாது, அம்பும் கிடையாது. ஆனாலும் இல்லாத மவுஸுக்கு மரியாதை செய்ததும் அது தொடுகையை ஏற்றுக்கொண்டது.

அடுத்து அம்மாவின் போன். எண் இடும் கட்டத்தில் எண் தவிர வேறெதுவும் விழக்கூடாது என்பதற்காக, எந்த விசை அழுத்தப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். லேப்டாப் விசைப்பலகை உண்மையைச் சொன்னது. அம்மாவின் போனிலிருந்த திரை விசைப்பலகை, எதை அழுத்தினாலும் ஒரே விடையைச் சொன்னது. யாரையும் காட்டிக்கொடுக்காத சாட்சி அது. விளைவாக அம்மாவால் ஓர் எண்ணைக்கூட இட முடியவில்லை. விசையைக் கேட்பதை விட்டுவிட்டு, கட்டத்தில் கடைசியாக என்ன விழுந்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். அம்மா எண்ணை இட்டதும், ‘அனுப்பு’ பொத்தானை அவசரத்தில் நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவும் ஆனபின், இனி வரக்கூடிய வேறுபாடு எதுவும் மிச்சமில்லை என்று முறையாக முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் போன்களோடு மில் கொட்டகையில் கூடினார்கள். சித்தி சாக்கை உதறி விரித்து எல்லோரையும் உட்காரவைத்தார். கல்யாண வீட்டுக்காரரைப்போல் இருந்தார். நான் ஓரமாக லேப்டாப்பைத் திறந்து, பதிவுகள் வந்து விழும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் தம் போனில் அதையே பார்த்தார்.

“ஊரைத் தொட்டாச்சா? மூட்ட போட்டாச்சா? இப்ப அனுப்புங்க” என்றார் சித்தி.

கொட்டகையெங்கும் ‘குர்’ என்று போன்கள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன.

“போய்ட்ச்சி” என்றார் ஒருவர்.

“எனுக்கும் நீலமா வந்துச்சி, குர்ருனுச்சி. போய்ட்ச்சி.”

போனைச் சுருக்குப்பையில் செருகினார்கள். யாரோ வெற்றிலை எடுத்தார்கள். என் திரையில் ஒரு பதிவும் இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன். இன்னொரு முறை புதுப்பித்தேன்.

“வரலையே” என்றேன்.

“நெட்வொர்க்கு” என்றார் செயலாளர்.

நெட்வொர்க் நன்றாகவே இருந்தது. அவர் போனில் அப்போது ஒரு நகைச்சுவைக் காட்சி தடையின்றி ஓடி முடிந்திருந்தது. பெண்களை மீண்டும் அனுப்பச் சொன்னேன். மீண்டும் ‘குர்’. மீண்டும் வெற்றுத் திரை.

“இன்னாடி, நெசமாலுமே லாரி வருமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சித்தியைக் கேட்டது. ‘நெசமாலுமே’ என்பதை அவர் சற்று நீட்டினார். சித்தி என்னைப் பார்த்தார்.

கோளாறு போன்களின் பிரவுசரில்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்பினேன். ‘கிளிக்’ என்ற நிகழ்வை அவை அறிவிக்கத் தவறுகின்றன. ஆகவே விரல் திரையைவிட்டு விலகும் நிகழ்வையும் சேர்த்துக் கேட்டால் போதும். இரண்டில் ஒன்று கேட்காமல் போனாலும் மற்றது கேட்கும். நிரலில் அதைச் சேர்த்தேன். சித்தியின் போனை வாங்கி நானே மூட்டைகளை இட்டு, பொத்தானைத் தொட்டேன். பதிவு வந்தது. இரண்டாக வந்தது. விரல் விலகியதை ஒரு முறையும், கிளிக்கை ஒரு முறையும் பிரவுசர் அறிவித்திருந்தது. இரண்டும் ஒரே தொடுகைதான் என்பது நிரலுக்குத் தெரியாது.

செயலாளர் தம் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“ஏம்மா, உங்க சித்தி வூட்ல சாமை குட்டி போட்ச்சா?”

கொட்டகை சிரித்தது. சித்தியும் சிரித்தார்; அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பதிவையும் அழித்துவிட்டு மற்றவர்களை அனுப்பச் சொன்னேன். ‘குர்’ என்று எல்லா இடத்திலும் கேட்டது. ஒன்றும் வரவில்லை. ஆக, பொத்தானை நான் தொட்டால் இருமுறை கேட்கிறது. இவர்கள் தொட்டால் ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

“படிச்ச புள்ள கையின்னா அதுக்கு ரெண்டு மருவாதி” என்றார் வெற்றிலை எடுத்தவர். “நம்ம கைய மதிக்க மாட்டுது. வா, எழுந்திரு, கீழயே எறக்கிடலாம். அந்த யாவாரியாச்சும் கைய புடிச்சிப் பாக்கறதில்ல.”

இரண்டு பேர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டார்கள். வெளியே தூறல் விழுந்தது.

“ஒக்காருங்கடி” என்றார் சித்தி. குரல் உயரவில்லை. “ஆறு மணி ஆவட்டும். அதுக்கப்பறம் என்ன எது வேணா பேசுங்க.”

அப்போதுதான் லேப்டாப்பை மூடினேன். சித்தியின் அருகில் போய் உட்கார்ந்து, “இன்னொரு தபா அனுப்புங்க சித்தி, பார்க்கறேன்” என்றேன்.

சித்தி வலது கட்டைவிரலைச் சேலையில் துடைத்தார். பொத்தானின்மேல் வைத்தார். வைத்ததை எடுக்கவில்லை. விரலின் நுனி வெளுக்கும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். போன் அதிர்ந்தது. ‘அனுப்பு’ என்ற எழுத்துகளின்மேல் நீலம் படர்ந்தது. சித்தி விரலை எடுத்து, “பாரு, ஏத்துக்கிச்சி” என்றார்.

“ஏன் சித்தி இவ்ளோ நேரம் வெக்கறீங்க?”

“பின்ன? ரேஷன் கடையில மிசினுல லேசா வெச்சா ஏத்துக்குதா? ‘அழுத்தி வைம்மா, எடுக்காத, எடுக்காதன்றேன்ல’ன்னு அந்தாளு கத்தறாரு. களை எடுத்து எடுத்து ரேகையே தேஞ்சி போச்சி. குர்ருன்ற வரைக்கும் வெச்சாத்தான் அரிசி.”

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆமோதித்தன. அந்தக் கொட்டகையில் கண்ணாடிமேல் விரல் வைக்க முறையாகப் பயிற்சி பெறாதவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் ரேஷனுக்குப் போவது அம்மா.

லேப்டாப்பில் மவுஸை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும், விட்டதும் அது ஒரு கிளிக்தான். போனில் அப்படியில்லை. தொட்டு எடுத்தால் கிளிக். அழுத்திப் பிடித்தால் அதற்கு வேறு பொருள். ஊர்ப் பெயர்களைப்போலவே ‘அனுப்பு’ பொத்தானையும் நான் அலங்கரித்த கட்டமாகத்தான் வைத்திருந்தேன். ஊர்ப் பெயரை அவர்கள் லேசாகத் தொட்டிருந்தார்கள்; அழுத்தம் எல்லாம் அனுப்புவதற்குத்தான். அதனுள் இருந்தது வெறும் எழுத்து. எழுத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால், அதை நகலெடுக்க விரும்புகிறார் என்று பிரவுசர் புரிந்துகொள்ளும். நீல நிறம் பூசி, அதிர்ந்து, தன் சம்மதத்தைத் தெரிவிக்கும். தொடுகையை அத்துடன் ரத்து செய்துவிடும். மதியத்திலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் சாமையை அனுப்பவில்லை. ‘அனுப்பு’ என்ற சொல்லை மிகுந்த பொறுப்போடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எளிய வழியை முதலில் முயன்றேன். “அழுத்த வேணாங்க. சும்மா தொட்டுட்டு எடுத்துடுங்க” என்றேன்.

அந்த அறிவுரையை அவர்கள் ஏற்கவில்லை.

“இத்தினி மூட்டைக்கு தொட்டும் தொடாம எடுத்தா எவன் நம்புவான்?”

“நாளிக்கி இல்லன்னுட்டா?”

ஒருவர் எனக்காக முயன்றார். தொட்டார், சந்தேகம் வந்து அப்படியே அழுத்தினார். நீலம். ஆறு மணியை நோக்கிப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ரேஷன் கடை ஆண்டுக்கணக்கில் கற்பித்ததை அரைமணி நேரத்தில் மறக்கவைக்கும் ஆசிரியத் திறன் எனக்கில்லை. பிரவுசரை மாற்றுவது என் கையில் இல்லை. மீதமிருந்தது என் நிரல்.

லேப்டாப்பைத் திறந்தேன். கட்டத்தை எடுத்துவிட்டு உண்மையான பொத்தானை வைத்தேன். அதன் எழுத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்தேன். அழுத்திப் பிடித்தால் எழும் நகலெடுக்கும் பட்டியைத் தடுத்தேன். கிளிக்கை நம்புவதை விட்டு, விரல் வைக்கப்பட்டதையும் எடுக்கப்பட்டதையும் மட்டும் கேட்கச் சொன்னேன். நடுவில் எவ்வளவு நேரம் போனாலும் அது அவர்கள் விருப்பம். ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்காதே என்றும் எழுதினேன். பதிவு போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் பொத்தான் பச்சையாக மாறி, போன் அதிர வேண்டும் என்று கடைசி வரியைச் சேர்த்தேன். அந்த அதிர்வை எதிர்பார்த்தே விரல்கள் காத்திருந்தன; அதைப் பறிக்க மனம் வரவில்லை.

வேறு பிரவுசரிலும் இது செல்லுமா என்று தோழியை அழைத்துக் கேட்டேன்.

“பட்டனை அமுக்கிப் புடிச்சிப் பாரு.”

“எதுக்கு? அது இன்னா கழுத்தா?” என்றாள். பிறகு, “யம்மா, பச்சையாச்சு. ஆனா குர்ருனு ஒண்ணும் வரல” என்றாள்.

அந்த விலையுயர்ந்த போனின் பிரவுசர், ஒரு பக்கம் சொன்னதற்காக அதிர்வதில்லை என்ற கொள்கையும் வைத்திருந்தது. எங்கள் கொட்டகையில் அவ்வளவு கொள்கையுள்ள போன் யாரிடமும் இல்லை. தோழி அனுப்பிய சோதனைப் பதிவை அழித்தேன்.

“இப்ப அனுப்புங்க” என்றேன்.

கட்டைவிரல்கள் சேலையில் துடைக்கப்பட்டன. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். சித்திதான் முதலில் விரலை எடுத்தார். பொத்தான் பச்சையானது, போன் அதிர்ந்தது, என் திரையில் சித்தியின் மூட்டைகள், இம்முறை குட்டி போடாமல், வந்து நின்றன. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எழுந்து நின்ற இருவரும் நின்றபடியே அனுப்பினார்கள். வெற்றிலை எடுத்தவர் மட்டும், பச்சை வந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. “இருக்கட்டும், நல்லா ஏறட்டும்” என்றார்.

செயலாளர் போனைப் பார்த்துக் கூட்டினார். உதடு அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார்.

“சேந்துச்சி” என்றார். “லாரி நம்ம பக்கந்தான். நான் அப்பவே சொன்னேன்ல, நெட்வொர்க்குன்னு.”

சித்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டி, “குடிக்கத் தண்ணி குடுங்கடி” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தது. ஈரச் சாலையில் இரண்டு இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றதை, வருகிற சத்தத்தை வைத்தே ஊர் கணித்தது. பெண்கள் மூட்டைகளின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு சாலையோரம் காத்திருந்தார்கள். ஓட்டுநர் இறங்கி, “இங்க யாரு பேர்ல ஏத்தணும்?” என்று கேட்டார். எல்லா முகங்களும் சித்தி பக்கம் திரும்பின. எந்த வீட்டு மூட்டை முதலில், எது பின்னால் என்று அவரே சொல்லி ஏற்றவைத்தார். கடைசி மூட்டை ஏறியதும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குக்கூட ஒரு கை கொடுத்தார்.

“அடுத்த வருசமும் நீயே பேசு” என்றார் அன்று வெற்றிலை எடுத்தவர்.

“போதும் சாமி. நெஞ்சு அடைச்சிப் போச்சி எனுக்கு. இனிமே நானு யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன்” என்று சித்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

லாரி முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் இன்னும் கண்ணுக்குத் தெரியும்போதே, பக்கத்து ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் சித்தியின் அருகில் வந்து, புளியை இப்படி அனுப்ப முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏன் முடியாது? அதே பேஜுதான். அழுத்திப் புடிச்சா போதும்” என்றார் சித்தி. “யாருக்கும் குடுத்துடாத, வூட்லயே வெச்சிரு. நானு சொல்றேன்.”

அந்த இணையப் பக்கத்தில் புளிக்கு இடமே கிடையாது. அது சித்திக்குத் தெரியும். நான் அருகில் நிற்பதும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.